தூக்கம் வர ஒரு வீடு

எங்கள் வீட்டில் இருந்த சாமான்களில் பாதி எங்களுடையவை அல்ல. கயிற்றுக் கட்டில், தகரப் பெட்டி, ரசம் போன ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பித்தளைக் குடம், மணிக்கொரு தரம் தொண்டை கட்டியவன் மாதிரி இருமிவிட்டு அடிக்கிற சுவர்க்கடிகாரம், எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவினுடையவை. நாங்கள் விலைக்கு வாங்கவுமில்லை, இரவல் கேட்கவுமில்லை. அவளாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். கொண்டு வருவதற்கு முன்னால் தன் வீட்டுக்குள் நின்று சத்தமாக ஒரு கேள்வி கேட்பாள். "இது இன்னாத்துக்கு இங்க?" சுவரைத் தாண்டி அது காதில் விழுந்ததும் நான் என் வீட்டில் இடம் ஒதுக்க ஆரம்பித்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊர் பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு. தீப்பெட்டி வேண்டுமென்றாலும் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மூன்று பிள்ளைகள், ஏரியில் வலை போடுகிற புருஷன், மழைக்கு ஒழுகுகிற ஓலை வீடு. அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. தீவில் ஓடு போட்ட வீடு மூன்றோ நாலோதான், அதில் ஒன்று அவளுடையது. அவள் புருஷன் நார்வேக்காரன் கப்பலில் வேலை பார்த்தார். ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்று பேர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அக்காவை உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். தட்டு இடது கையில் இருக்கும், கால் நடந்துகொண்டிருக்கும். சாவு வீட்டில் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அழுதால், இவள் நின்றபடியே அழுவாள், அழுதுகொண்டே மூலையில் கிடக்கும் சொம்பை எடுத்து நேராக வைப்பாள். ஒரு தடவை பழவேற்காட்டுக்குப் போகிற படகில் அவள் நின்றே வந்ததைப் பார்த்துப் படகுக்காரர் கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டார்.

"குந்துமா. படகு ஆடுது."

"நான் எங்க ஆட்றேன்? நீ தள்ளு."

"நீ குந்தினாத்தான் தள்ளுவேன்."

குந்தினாள். படகு நடு ஏரிக்குப் போவதற்குள் எழுந்துவிட்டாள். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடப் போனவள் நான்தானே.

அவளோடு அரைமணி நேரம் இருந்தால் நமக்கும் உட்கார முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டு அம்மியை இந்தப் பக்கம் தள்ளுவாள், கொடியில் கிடக்கும் துணியை மடிப்பாள், என் பிள்ளையின் மூக்கைத் துடைப்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "யக்கா, சித்த சும்மா இரு" என்பேன். "சும்மாத்தான் கீறேன்" என்பாள், அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டே.

இப்படிப்பட்டவள்தான் அமைதியான வீடு ஒன்றைக் கட்டப் போகிறேன் என்று கிளம்பினாள்.

காரணம் கடிதம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எட்டாவது வரை படித்த நான்தான் படித்துக் காட்டுவேன். அண்ணன் வருடத்துக்கு நாலு கடிதம் எழுதினால் அதிகம், அதிலும் நலம், நலமறிய ஆவல், முடிந்தது. ஒரு தடவை ஜப்பானிலிருந்து நீளமாக ஒன்று வந்தது. "கப்பலை ரிப்பேருக்கு ஏற்றிவிட்டார்கள். எங்களை ஒரு வீட்டில் தங்க வைத்திருக்கிறார்கள். தரை முழுக்கப் பாய். கதவு பக்கவாட்டில் நகருகிறது. கதவில் காகிதம் ஒட்டியிருப்பதால் வெயில் உள்ளே வந்தாலும் கண் கூசவில்லை. அறையில் சாமானே இல்லை. ஒரு மூலையில் ஒரு பூக்கிளை, அவ்வளவுதான். இங்கே நான் நன்றாகத் தூங்கினேன்."

கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அது எங்க எழுதிக்கீது, காட்டு" என்றாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை எப்போது பிரித்தாலும் அவள் விரல் சரியாக அந்த வரிக்குத்தான் போகும்.

அடுத்த வருடம் நார்வேயிலிருந்து ஒன்று. பனியில் வழுக்கி விழுந்ததில் அண்ணனுக்குக் காலில் அடி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறாராம். வெள்ளைச் சுவர், சாயம் பூசாத மரம், சன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு சின்ன விளக்கு, கம்பளிப் போர்வை. புருஷனும் பெண்டாட்டியும் அதிகம் பேசுவதில்லையாம். "இங்கேயும் நன்றாகத் தூங்கினேன்." கூடவே ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம். அந்தப் படத்தில் இருந்த அறையைப் பார்த்துவிட்டு நான், "இன்னாக்கா, வூட்டைக் காலி பண்ணினு போய்ட்டாங்களா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணன் ஊரில் தூங்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாத லீவில் வருவார். விடியற்காலம் பார்த்தால் கரையில் நின்றுகொண்டிருப்பார், மத்தியானம் பார்த்தாலும் கரையில் நின்றுகொண்டிருப்பார். கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறும். இருபதாம் நாள் வாக்கில் பழவேற்காட்டிலிருந்து தந்தி வரும், கப்பல் கூப்பிடுகிறது என்று. ஒவ்வொரு தடவையும் இருபதாம் நாளா? அந்தத் தந்தியை அவரே சொல்லி வைத்து வரவழைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அக்காவிடம் சொன்னதில்லை. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"அவுரு இங்க தூங்கறதேயில்ல மே. கண்ண மூடினு கீறாரு, அவ்ளோதான்" என்றாள் ஒருநாள். "தூக்கம் வந்துட்டா மனுசன் எங்க போவான் சொல்லு? தூங்கறவன் எழுந்து போவானா?"

அவ்வளவுதான் அவள் கணக்கு. வீட்டில் தூக்கம் வர வேண்டும், வந்தால் அவர் தங்குவார். அன்றிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வர ஆரம்பித்தன.

சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆறு பூச்சுப் பூசினாள். உத்திரத்திலும் சன்னல் மரத்திலும் ஏறியிருந்த எண்ணெய்க் கரியைச் சாம்பலும் மணலும் போட்டு ஒரு மாதம் தேய்த்தாள், மரம் வெளுத்துப்போகிற வரைக்கும். பழவேற்காட்டில் ஓலை பின்னுகிற ஒரு முஸ்லிம் வீட்டில் போய், வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோன அளவைக் காட்டி, அறை முழுக்க ஒரே பாயாக வேண்டும் என்று கேட்டாள். அந்த அம்மா கயிற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பாய் பள்ளிவாசலுக்குக்கூட பின்னினதில்லம்மா, எத்தினி பேரு படுக்கப் போறீங்க?" என்றார்.

"ஒருத்தர்" என்றாள் அக்கா.

கதவுக்கு ஆசாரியைப் பொன்னேரியிலிருந்து கூட்டி வந்தாள். நார்வே படத்தை அவரிடம் நீட்டினாள், அதில் கதவே இல்லை, அவர் தலைகீழாகவும் பார்த்தார்.

"கதவுன்னா தொறக்கணும், மூடணும். நவுர்ற கதவு இன்னாத்துக்கும்மா?"

"தொறக்கறப்போ கிறீச்சுனு கத்துது இல்ல? நவுந்தா கத்தாது."

"எண்ண வுட்டா இதுவும் கத்தாது."

"நீ நவுர்ற மாதிரி செய்யி."

செய்தார். அதில் பழைய கதவைவிடச் சத்தம். ஏரிக்கரை மணல் கதவு ஓடுகிற காடியில் புகுந்து நறநறவென்று அரைக்கும். தினமும் காலையில் ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு குனிந்து அந்த மணலைக் கிளறி எடுப்பாள். கதவில் முதலில் பட்டக் காகிதம் ஒட்டினாள். ஐப்பசி முதல் மழையில் அது கூழாகிக் கீழே இறங்கிவிட்டது. பிறகு அண்ணனின் பழைய வேட்டிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி ஆணியடித்தாள். வெயில் அதில் வடிகட்டி உள்ளே வந்தபோது எனக்கே அழகாகத்தான் இருந்தது. கஞ்சிக்கு ஆடு வந்து நக்கியது வேறு கதை.

உடைந்த படகுப் பலகையில் சன்னல் பக்கத்துக்கு ஒரு நாற்காலி. சோடா பாட்டிலில் ஒரே ஒரு பூவரசங்கிளை. சித்திரை மாதம், வேர்வை முழங்கை வழியாக ஒழுகுகிற நேரத்தில் பொன்னேரிச் சந்தையிலிருந்து ஒரு கம்பளிப் போர்வை. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பதே அவள் தொழில். அவள்தான் ஜப்பான்காரி என்று பட்டப்பேர் வைத்தாள். ஊர் பிடித்துக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "நாம எல்லாரும் பாயிலதான் படுக்கறோம், தரையிலதான் குந்தறோம், செருப்பு வாங்கவே காசு இல்ல. இதுல இன்னாக்கா ஜப்பான்?" என்று கேட்டேன். தலைக்கு மேலே உத்திரத்தில் ஒரு வலைச்சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மாமனாருடைய பழைய பருத்தி வலை. நைலான் வந்த பிறகு யாரும் அதை ஏரியில் இறக்குவதில்லை. பட்டைச் சாயமும் மீனும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். அண்ணாந்து பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு இங்க?"

அன்று சாயந்திரமே அது என் வீட்டுக் கூரை மூங்கிலில், அவளுடைய கயிற்றுக் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கியது. எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்து அவங்க வூட்டுக் கெணறு வரும், எடம் வச்சிரு" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். "படுத்துப் பாரு மே. தூக்கம் வருதா சொல்லு."

"நீ படுத்துப் பாக்கறதுதானே?"

"நான் படுத்தா பாய் அழுக்காயிடும். நான் அடுப்பாங்கரையிலதான் படுக்கறேன்."

படுத்தேன். சுவர் வெள்ளையாக இருந்தது, பாய் குளிர்ச்சியாக இருந்தது, மூன்று பிள்ளை பெற்ற உடம்புக்கு மத்தியானத் தூக்கம் என்றால் கேட்கவா வேண்டும். கண்ணை மூடினேன். தலைமாட்டில் அவள் நின்றாள்.

"வருதா?"

"இப்பத்தானே படுத்தேன்."

"இப்ப? இப்ப வருதா?"

பூவரசங்கிளையை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள், திரும்ப அந்தப் பக்கம் வைத்தாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. "வருதுக்கா, நல்லா வருது" என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து ஓடி வந்தேன்.

அண்ணன் வைகாசியில் வந்தார். நிலையிலேயே நின்று வீட்டைப் பார்த்தார். நடுக்கூடத்தில் காலை வைக்கக் கூச்சப்பட்டுச் சுவரோரமாக நடந்தார். "நல்லாக்கீது" என்றார். மெதுவாகச் சொன்னார், வேறு யாரோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி. பிறகு அண்ணாந்து பார்த்து, "நைனா வலை எங்க?" என்று கேட்டார்.

"பக்கத்து வூட்ல கீது. நாத்தம், அதான்."

"ம்" என்றார்.

அடுத்த நாள் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்து நின்றபோது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தூங்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், "சித்த கண்ண மூடினாரு" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஒருத்தி விழித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தால் எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? சொல்ல வாயெடுத்தேன், அவள் கண்ணும் உள்ளே போயிருந்ததைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன். அவள் கைவிரல்களை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதாம் நாளுக்கு எத்தனை மிச்சம் என்று.

எட்டாம் நாள் மத்தியானம். எங்கள் வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருந்தார். எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை உண்டு, அதைப் பாடு என்போம். அண்ணன் கப்பலுக்குப் போன நாளிலிருந்து அவருடைய முறையையும் எங்கள் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்கத்தான் அண்ணன் வந்தார்.

"இல்லியாம்மா அவன்?"

"வர்ற நேரம்தான்ணா. குந்துங்க."

கட்டிலில் உட்கார்ந்தார். நான் பின்பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்தேன், கை கழுவி மோர் கலக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? வந்து பார்த்தால் தூங்கிவிட்டார். கால் ஒன்று கீழே தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, குறட்டை ஓலைக் கூரையைத் தூக்குகிறது. தலைக்கு மேலே அவர் அப்பாவின் வலை. பக்கத்தில் அவருடைய தகரப் பெட்டி, அவருடைய கண்ணாடி. கடிகாரம் இருமிவிட்டு ஒன்று அடித்தது. என் கடைக்குட்டி தட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். எதற்கும் அவர் அசையவில்லை.

மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். புருஷன் இல்லாத வீடு, மட்ட மத்தியானம், கட்டிலில் அடுத்த வீட்டு ஆண்பிள்ளை. எழுப்பவும் மனசு வரவில்லை, விடவும் பயம். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பாதியில் ஒரு கண் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். போனால் என் மூன்று பிள்ளைகளோடு நான் எந்த ஏரியில் விழுவது?

அப்போது அக்கா வந்தாள். அவரைத் தேடித்தான் வந்தாள். நிலைக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். "இது இன்னாத்துக்கு இங்க" என்று அவள் தூக்கிப்போட்ட ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒன்றரை வருட வேலை அந்த முகத்திலிருந்து இறங்கிப் போவதை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

"யக்கா, குந்தினாரு, அவ்ளோதான். நான் பின்னாலதான் இருந்தேன், சத்தியமா..."

வாயில் விரலை வைத்தாள். "சத்தம் போடாத. எவ்ளோ நேரமா?"

"இப்பத்தான்."

என் பிள்ளையிடமிருந்து தட்டை வாங்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்தாள். பிறகு வந்து என் வீட்டு வாசற்படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று நான் எழுதுகிறேன். எதிர்வீட்டுக்காரி கதவை முழுதாகத் திறந்துகொண்டு வெளியே வந்தே விட்டாள்.

"இன்னா ஜப்பான்காரி, குந்தினு கீற?"

"எங்கூட்டுக்காரரு தூங்கறாரு. நாங்க ரெண்டு பேரும் வந்து கீறோம்" என்றாள் அக்கா.

தண்ணீர் எடுக்கப் போனவளிடமும் அதையே சொன்னாள். மீன் கூடையோடு வந்தவளிடமும். கேட்காமல் போனவளையும் கூப்பிட்டு மெதுவான குரலில் சொன்னாள். நாங்க ரெண்டு பேரும் வந்து கீறோம். நான் உள்ளே இறால் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, புருஷன் தூங்குகிற பெருமையை ஏன் இவள் ஊர் முழுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நாலைந்து பேருக்கு அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. அது எனக்காக. அவள் மனசு உடைந்து கிடந்த நேரத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவளை எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்தத் தடவை அண்ணன் தங்கினாரா என்றால், லீவு மூன்று மாதமும் இருந்துவிட்டுக் கப்பலுக்குப் போனார். இருபதாம் நாள் தந்தி எதுவும் வரவில்லை. அவர் என் வீட்டில் தூங்கின மறுநாளே அவள் வலையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய உத்திரத்திலேயே தொங்கவிட்டாள். கட்டிலையும் கடிகாரத்தையும் நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். கண்ணாடியும் பெட்டியும் குடங்களும் எங்களிடமே தங்கிவிட்டன.

அன்று வெயில் அவள் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறி, மடிக்கு வந்து, விலகியது. மோர் கொண்டுபோய் நீட்டினேன், உட்கார்ந்தபடியே குடித்தாள். கடிகாரம் இரண்டடித்தது, மூன்றடித்தது. நாலடிக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் வலையோடு வந்து, படியில் அவளைப் பார்த்துத் திகைத்து, உள்ளே பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். அதற்கப்புறம்தான் அண்ணன் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேலே வலையையே பார்த்தார். பிறகு வாசலில் அவள் முதுகைப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்" என்றாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப்போயிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.